மாட்டோடு போன கயிறு

சந்தை என்றால் எனக்குத் தெரியாததா என்ற எண்ணத்தோடுதான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனேன். மதுரை டவுனில், கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள் நான். மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தை என்று சண்டை போட்டு, கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா வாங்கிக்கொண்டு வருவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திமிரெல்லாம் திருமங்கலத்து மாட்டுச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் காணாமல் போனது.

எழுபதுகளின் கடைசி அது. என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் வரும். வீட்டில் மூன்றே பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. மாமனார் எப்போதோ போய்விட்டார். வீட்டுக்காரருக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை. அத்தைக்கு அரை ஏக்கர் காடும் இரண்டு பசு மாடுகளும். ஒன்று செவலை, இன்னொன்று கறுப்பு.

செவலைக்கு என்னைக் கண்டால் ஆகாது. காரணம் இன்றுவரை தெரியாது. அத்தை போனால் நாக்கை நீட்டிக் கையை நக்கும். நான் போனால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். புதுப்பெண்ணுக்கு இருக்கிற பயத்தில் நான் தண்ணீர் வாளியைத் தூரத்திலேயே வைத்துவிட்டு ஓடி வருவேன். ஒருநாள் அதற்கும் வழியில்லாமல் முட்டித் தள்ளிவிட்டது. சுவரில் போய் விழுந்தேன். நெற்றியில் ரத்தம். அன்றைக்குச் சாயங்காலமே அந்த மாட்டை விற்றுவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "மருமகளா மாடான்னு கேட்டா நான் என்னத்தப்பா சொல்ல முடியும்" என்றார். அது சம்மதமா, வருத்தமா, என் மேல் கோபமா என்று எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடிபடாமல் போனது அதுதான். அதற்கப்புறம் வரிசையாக எதுவுமே பிடிபடவில்லை.

திருமங்கலம் சந்தையில் மாட்டை நல்ல விலைக்கே விற்றுவிட்டு, ஒரு பொட்டலம் காராச்சேவும் எனக்கு மல்லிகைப்பூவுமாக அவர் வந்து சேர்ந்தார். அத்தை வாசலில் உட்கார்ந்து அடுப்புக்குப் பருத்திமார் முறித்துக்கொண்டிருந்தார். விலை என்ன என்று கேட்கவில்லை. வாங்கியது யார் என்று கேட்கவில்லை.

"கயிறு எங்கப்பா?"

இவர் முழித்தார். "எந்தக் கயிறு?"

"மாட்டுக் கயிறு."

"மாட்டோட போச்சு. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு அப்படியே கைல குடுத்துட்டு வந்துட்டேன்."

அத்தை கையிலிருந்த பருத்திமாரைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் தன் மகனோடு அவர் பேசவில்லை.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அடுத்த வீட்டு அக்காதான் சொன்னார். மாட்டை விற்கிறவர்கள் மாட்டை மட்டும்தான் கொடுப்பார்கள். கழுத்தில் கிடக்கிற கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தொழுவத்தில் அது நின்ற இடத்தில் மாட்டிவிடுவார்கள். வாங்குகிறவன் சந்தை வாசலில் புதுக் கயிறு வாங்கிக்கொள்ள வேண்டும். மாடு போனாலும் வீட்டு லட்சுமி போகாமலிருக்க அந்த வழக்கம். கயிற்றோடு கொடுத்தால் பட்டி பெருகாது, மிச்சம் இருக்கிற மாடும் தங்காது, கன்றும் தங்காது. சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியுமாம். லேத்தில் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைகிற என் வீட்டுக்காரர் இதில் கோட்டை விட்டுவிட்டார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கறுப்பு மாடு அப்போது சினை. போன ஈற்றில் அதன் கன்று செத்துப் பிறந்திருந்தது. குழாயடியில் பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். "புதுசா ஒருத்தி வந்தா. மாடு போச்சு, கயிறும் போச்சு. இனி கறுப்பு என்னத்தப் போடப்போகுதோ" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி என் காலைப் பார்த்தாள். எந்தக் காலை முதலில் வைத்து நான் வீட்டுக்குள் வந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறாளாம். கறுப்பு மாட்டின் கன்றுக்கு ஒன்று ஆனால் அந்த ஊரில் என் பெயர் என்ன ஆகும் என்பது தெரிந்துபோயிற்று. ராசி கெட்டவள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டில் பால் திரிந்தாலும் என்னால்தான்.

அத்தை மகனோடு எல்லாவற்றையும் என் மூலமாகத்தான் பேசினார். "அவனைச் சாப்பிடச் சொல்லு." "அவனை விறகு உடைக்கச் சொல்லு." வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் நடுவில் தபால்காரி மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பேன். ஒருநாள் காலையில் அத்தை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்புத்தா. சந்தைக்குப் போறோம்."

"என்ன வாங்க அத்தை?"

"கயிறு தேட."

திருமங்கலம் மாட்டுச் சந்தைக்குள் நுழைந்ததும் எனக்குத் திக்குத்திசை தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டு வால்தான். நடக்கிற இடமெல்லாம் சாணி, கோமியம். ஓரத்தில் சலங்கை, சாட்டை, மூக்கணாங்கயிறு விற்கிறவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கருவாடு, அதற்குப் பக்கத்தில் பெண்களுக்கு ரிப்பன், வளையல். மாடு வாங்க வருகிறவன் எதற்காக ரிப்பன் வாங்குவான் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் அத்தையைத் தவறவிட்டேன். தேடும்போது ஒரு புளிய மரத்தடியில் இரண்டு மீசைக்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, கையைக் கோத்து, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர் 'ம்ஹூம்' என்றார். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. ஏதோ மந்திரம் போடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனேன். விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள் என்று அத்தை பிறகுதான் சொன்னார். கத்திப் பேரம் பேசியே பழகிய எனக்கு, இப்படிச் சத்தமில்லாமல் நடக்கிற வியாபாரத்தில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தையைக் கண்டுபிடித்தபோது அவரைச் சுற்றி நாலைந்து தரகர்கள். மாடு விற்க வந்திருக்கிறாரா, வாங்க வந்திருக்கிறாரா என்று அவர்களுக்குள் போட்டி. ஓர் ஆள் பழக்கதோஷத்தில் துண்டை விரித்து அத்தையின் கையை நோக்கி நீட்டிவிட்டார். அத்தை பார்த்த பார்வையில் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். அத்தை எல்லாரையும் பொதுவாகக் கேட்டார்.

"போன மாசம் ஒரு செவலை மாட்ட எம் மகன்கிட்ட வாங்குன ஆளு. பச்சை பெல்ட் போட்டிருப்பாராம். ஒத்தக் காதுல கடுக்கன். எங்க இருப்பாரு?"

"அந்தாளா? அவரு மேலூர்ச் சந்தைக்குப் போயிருப்பாரு ஆத்தா. எதுக்குத் தேடுறீக?"

"கயித்தோட குடுத்துட்டான் எம் மகன்."

சொன்னதுதான் தாமதம், எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. துண்டை நீட்டியவர் 'அடப் பாவமே' என்று நெஞ்சில் கை வைத்தார். ஏதோ வீட்டில் ஒருவர் தவறிப்போன மாதிரி ஒரு பெரியவர் அத்தைக்கு ஆறுதல் சொன்னார். ஒரு கயிற்றுக்கு இம்புட்டுத் துக்கமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயடிப் பேச்சு நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்ததாக மேலூர். மதுரைக்குப் போய் பஸ் மாறிப் போனோம். என் அம்மா வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் நடந்தோம், உள்ளே போகலாமா என்று கேட்கத் தைரியமில்லை. மேலூர்ச் சந்தை வேறு மாதிரி இருந்தது. திருமங்கலத்தில் மாடுகள் நின்ற மாதிரி இங்கே இல்லை. ஆடும் கோழியும் காய்கறியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை. தேடி வந்தது மாட்டையா, ஆளையா, கயிற்றையா என்று எனக்கே ஒரு கட்டத்தில் குழம்பிவிட்டது. செவலை நிறத்தில் எந்த மாட்டைப் பார்த்தாலும் எனக்கு நெற்றி வலித்தது. பச்சை பெல்ட் ஆளை டீக்கடையில் வைத்துப் பிடித்தோம்.

"ஏண்ணே, திருமங்கலத்துல எங்க செவலைய வாங்குனது நீங்கதேன?" என்று அத்தை கேட்டார்.

"ஆமாத்தா. பங்கமில்லாத மாடு. வாங்குன சூட்டோட கைமாறிப் போச்சு. என்ன, மாடு திரும்ப வேணுமா?"

"மாடு போகட்டும். கயிறு வேணும்."

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "ஒங்க மகன் கயித்தோட குடுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுத்தா. சொல்லுவோமான்னு நெனச்சேன். ஆனா வீடு தேடி வர்ற லச்சுமிய வேணாம்னு எவன் சொல்லுவான், சொல்லுங்க?"

அவருடைய நியாயம் அத்தைக்குப் புரிந்தது போலத் தலையாட்டினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப மாட்ட வாங்குனவங்ககிட்ட எங்க கயிறும் போயிருச்சா?" என்று இடையில் புகுந்தேன்.

"அதெப்படித்தா போகும்? நான் அந்த மாட்ட வித்தா, நான் வித்தவன்ல? நானும் கயித்த உருவிக்கிட்டுத்தேன் மாட்ட விட்டேன். மாடு செங்கோட்டைப் பக்கம் போயிருச்சு. கயிறு எங்க வீட்டுலதேன் கெடக்கும். கொட்டாம்பட்டி வந்து யாரக் கேட்டாலும் வீட்டக் காட்டுவாங்க. போயி எடுத்துக்கங்க."

எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே, அவருக்கு லட்சுமி வேண்டாமா? அவர் கயிற்றை உருவியதும் லட்சுமி அவருடையதாகிவிட்டதா, எங்களுடையதாகவே இருக்கிறதா? நாங்கள் திரும்ப எடுத்து வந்தால் செவலையை வாங்கிய செங்கோட்டைக்காரனுக்கு ஏதாவது ஆகுமா? பஸ்ஸில் இதையெல்லாம் அத்தையிடம் வரிசையாகக் கேட்டேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேசாம வா. எனக்கே மண்டை காயுது" என்றார். அவருக்கும் குழப்பம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

கொட்டாம்பட்டிக்குப் போனபோது கறுப்பு மாட்டுக்கு ஈனும் நாள் நெருங்கி மடி இறங்கிவிட்டிருந்தது. அன்றைக்கு அங்கே வாரச்சந்தை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலாப்பழ வாசனை. சந்தையைச் சுற்றிப் பார்க்க எனக்கு ஆசைதான். பலாச்சுளை விற்ற பெண் ஒரு சுளையைக் கையில் வைத்து நீட்டிக்கூடக் காட்டினாள். அத்தை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஓட்டு வீடு, பக்கத்தில் தொழுவம். பச்சை பெல்ட் தரகர் இல்லை. அவருடைய மருமகள் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் தொழுவத்தைக் காட்டினாள்.

"மாமா கொண்டு வர்ற கயிறெல்லாம் அங்கனதேன் கெடக்கும். ஒங்களது எதுன்னு பாத்து எடுத்துக்கங்கத்தே."

தொழுவத்தில் ஒரு மூங்கில் கம்பு முழுக்கக் கயிறு. கத்தாழைக் கயிறு, தேங்காய் நார்க் கயிறு, புதுசு, பழசு, சாணி காய்ந்து விறைத்துப்போனது. தரகர் வாங்கி விற்ற மாடெல்லாம் கயிறாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கைபட்டுத் தேய்ந்த கத்தாழைக் கயிறு, ஆயிரம் கயிற்றுக்குள் கிடந்தாலும் எடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே வந்த அத்தை, சேலையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினார். உருவிப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். மூக்கில் வைத்துப் பார்த்தார். ஒதுக்கி வைத்ததை மறுபடியும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எது பார்த்தது, எது பார்க்காதது என்று எல்லாம் கலந்துபோனது. அத்தையின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சந்தைக்குள் அவ்வளவு தெளிவாக நடந்தவர், கயிற்றுக் குவியலுக்கு நடுவில் வழி தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி குடிச்சிட்டுப் பாருங்கத்தே" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள்.

வீட்டுக்குள் போனோம். உத்தரத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே பிள்ளை தூங்கியது. அத்தை செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்தும் தலை இறங்கவில்லை. உத்தரத்திலிருந்து தொட்டிலுக்கு இறங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தாழைக் கயிறு. புழக்கத்தில் தேய்ந்து மழமழவென்று இருந்தது.

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"பெறந்து ரெண்டு மாசமாகப் போகுதுத்தே. இதுக்கு முந்தி ஒண்ணு தங்கல. இதாவது தங்கணும்."

"தங்கும், தங்கும்" என்றார் அத்தை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்குத் திரும்பினார். இந்த முறை உட்காரவே இல்லை. மேலாகக் கிடந்த ஒரு கயிற்றை எடுத்துச் சுருட்டி, "இதுதேன்" என்று என் கையில் கொடுத்தார். அதைச் சற்று முன்னால் இரண்டு தடவை அவரே வேண்டாம் என்று ஒதுக்கியதை நான் பார்த்திருந்தேன்.

பஸ்ஸில் கயிறு என் மடியில் கிடந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று மேலூர் வரைக்கும் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"அத்தை, அந்தத் தொட்டில் கயிறு..."

"பிள்ள தூங்குதுல்லத்தா" என்றார்.

மதுரை நெருங்கும்போது அவரே கேட்டார். "இது நம்ம கயிறுதேன?" என்னிடம் போய்க் கேட்கிறாரே என்று திகைத்துப்போனேன். செவலையின் கயிற்றை நான் என்றைக்குத் தொட்டேன், அடையாளம் சொல்ல? ஆனாலும் அவர் கேட்ட விதத்தில் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"ஆமா அத்தை. நம்மளதுதான்" என்றேன்.

ஊருக்குள் கயிறு வந்து சேர்ந்ததை அத்தை எல்லோருக்கும் சொன்னார். குழாயடிக்காரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி அதைத் தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டாள். எனக்கும் அதுதான் எங்கள் கயிறு என்று நம்பிக்கை வர ஆரம்பித்துவிட்டது. செவலை நின்ற இடத்தில் அது தொங்குவதைப் பார்த்தால் தைரியமாக இருந்தது. கறுப்புக்குத் தண்ணீர் காட்டும்போது அதைத் தொட்டுக் கும்பிடவும் தொடங்கினேன். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான்.

கறுப்பு கன்று போட்டது ஒரு காலை நேரம். ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சட்டைகூட மாற்றாமல் தொழுவத்தில் நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நெடுநேரம் மாடு தவித்தது. கன்று விழுந்தபோது அசையவில்லை. அத்தை அதன் மூக்கைத் துடைத்து, வாய்க்குள் விரல்விட்டு, வைக்கோலால் தேய்த்துப் பார்த்தார். காதில் ஊதிப் பார்த்தார். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. அது கடைசி வரைக்கும் கண் திறக்கவில்லை.

மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. பெண்களில் ஒருத்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. அவர்கள் வாயில் வரப்போகிற சொல் எனக்குக் கேட்டுவிட்டது. ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுதான் தோன்றியது.

அத்தை எழுந்தார். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கயிற்றைப் பிடுங்கித் தரையில் அடித்தார்.

"பாவி மக, நான்தேன் கயித்த மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்! எம் மருமக அங்கனயே சொன்னா, இது இல்லத்தே, இது நம்மளது இல்லத்தேன்னு. தலபாடா அடிச்சுக்கிட்டா. கெழட்டு முண்ட நான் கேட்டனா? எங் கண்ணு அவிஞ்சு போச்சு! அவ பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கன்னு நிக்கும்!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்கள். "என்ன செய்ய, வயசாச்சுல்ல ஒனக்கு" என்று அவரைத் தேற்றினார்கள். அன்றைக்குக் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், "அப்பவே எனக்கும் சந்தேகம்தேன்" என்றாள். முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தவள் என் தோளில் கை வைத்து, "சின்னப் பொண்ணு சொன்னாக் கேக்கணும்ல" என்றாள்.

நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. ஆமா என்றுதான் சொன்னேன். அத்தைக்கு அது நன்றாகத் தெரியும். எது எங்கள் கயிறு என்றும் அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். அல்லது அதுவும் தெரியாதோ என்னவோ, அவர் உயிரோடு இருந்த வரைக்கும் நான் கேட்கவில்லை. நான் அன்றைக்கு அழுதது கன்றுக்காகத்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பெண்கள் கலைந்து போனதும் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. தொழுவத்து மூலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற மகனைப் பார்த்து, அத்தனை நாளுக்கப்புறம் நேராகவே சொன்னார்.

"மம்பட்டிய எடுத்துட்டு வாப்பா. அவளை உள்ள போகச் சொல்லு, அவ இதையெல்லாம் பாக்க வேணாம்."